துடைத்து வைத்த கட்டங்கள்

ஊரில் அவரைச் சாணிக்கணக்கர் என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே பேசும்போது மட்டும் முன்பாதியை விட்டுவிட்டுக் கணக்கர் என்றார்கள். டீக்கடையில் புது ஆள் யாராவது இருந்து, "சார் எந்த பேங்க்ல கணக்கர்?" என்று கேட்டால், கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே "யானை பேங்க்ல" என்பார். இருப்பவர்கள் எல்லாரும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரிப்பார்கள். கணக்கரும் சிரிப்பார். செய்கிற வேலையில் அவருக்கு வெட்கம் இருந்ததில்லை.

காட்டில் உள்ள பெரிய மிருகங்களை நேரில் பார்த்து எண்ணுவது நடக்காத காரியம். ஆள் வாடை பட்டதும் காட்டுமாடு புதருக்குள் புகுந்துவிடும். கடமான் நின்ற இடத்திலேயே மரத்தோடு மரமாகிவிடும். மூங்கிலுக்குப் பின்னால் யானைக்கூட்டம் நிற்பது தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தவர்கள் உண்டு. ஆனால் தின்றதைப் போட்டுத்தானே ஆக வேண்டும்? போட்டதை ஒளித்துவைக்கப் புல் தின்னும் எந்த மிருகத்துக்கும் தெரியாது.

அதனால் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் சில இடங்களைத் தேர்ந்தெடுத்து, நான்கு முளை அடித்துக் கயிறு கட்டிச் சதுரமாக்குவார்கள். அதற்குப் பெயர் கட்டம். கட்டத்துக்குள் கிடக்கும் யானை லத்தி, மாட்டுச் சாணி, மான் புழுக்கை அத்தனையையும் முதலில் ஒன்றுவிடாமல் வாரி வெளியே போட்டுவிட வேண்டும். பிறகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்துவிடலாம். முளை மட்டும் இருக்கும். சில வாரங்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. திரும்பப் போய்க் கயிறு கட்டிப் பார்க்கும்போது, உள்ளே புதிதாக என்ன விழுந்திருக்கிறதோ அதுதான் கணக்கு. எந்த மிருகம் எந்தப் பகுதியில் எந்தப் பருவத்தில் நடமாடுகிறது, மொத்தத்தில் ஏறத்தாழ எத்தனை இருக்கும் என்பதெல்லாம் அதிலிருந்துதான் தெரியவரும்.

கணக்கர் இந்த வேலைக்கு வருவதற்கு முன் மர அறுவை ஆலையில் கட்டைகளைச் சுற்றளவு எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வேலையைச் சொல்லித்தான் அவருக்குப் பெண் கொடுத்தார்கள். ஆலையை மூடியதும் வனத்துறையில் கூலியாளாகச் சேர்ந்தார். ஆய்வுக்காக வந்த பல்கலைக்கழகத்து மேடம், அளப்பதில் கை சுத்தமான ஆள் என்று பார்த்து அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டார். "மரத்தை அளக்கறவர்னு கட்டிக் குடுத்தாங்க, இப்ப எதை அளக்கறார் பாருங்க" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்வாள். அவருடைய காட்டுச் சட்டைக்கு அவள் தனி வாளி வைத்திருந்தாள். பூட்ஸ் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

அவளுடைய தம்பிக்குக் காட்டை ஒட்டித்தான் நிலம். கத்திரியும் மிளகாயும் போட்டிருந்தான். அவன் நிலத்துக்கு அந்தப் பக்கம் காடு சரிந்து ஒரு பள்ளமாக இறங்கும். அடியில் ஊற்று உண்டு. மேலே மலையில் ஓடைகள் எல்லாம் வற்றிப் பாறையாகக் கிடக்கும் கோடையிலும் அந்த ஊற்றில் தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும். சுற்றிலும் கோரை ஆள் உயரம் நிற்கும். கணக்கர் கட்டம் போட்ட பகுதிகளில் அந்தப் பள்ளமும் ஒன்று.

அந்த வருடம் கோடையின் தொடக்கத்தில் பள்ளத்துக் கட்டங்களை அவர் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது, சுரண்டும் சத்தம் கேட்டு மைத்துனன் மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். பார்த்தவன் இறங்கியே வந்துவிட்டான்.

"என்ன மச்சான் அநியாயம் இது? பொன்னு மாதிரி கெடக்கு, தூக்கிக் கடாசறீங்க?"

"இதுக்கு இனிமே வேலை இல்ல மாப்ளே. கட்டம் சுத்தமா இருக்கணும். அதான் முக்கியம்."

"உங்களுக்கு வேலை இல்லைன்னா எனக்குக் குடுங்க. என் கத்திரிச் செடியெல்லாம் மாமியார் வீட்டுக்குப் போன மாதிரி மூஞ்சியத் தொங்கப்போட்டு நிக்குது."

"காட்டுல விழுந்த சுள்ளியக்கூட எடுக்கக் கூடாதுடா. சட்டம்."

"யானை வந்து கேஸ் போடுமா?"

கணக்கர் பிடி கொடுக்கவில்லை. ஆனால் அன்று மாலை வீட்டில் அந்தப் பேச்சு அவருக்கு முன்னே வந்து உட்கார்ந்திருந்தது.

"என் தம்பி கேட்டது என்ன, வைரமா?" என்றாள் மனைவி. "நீங்க தூக்கிப்போட்ட சாணி. அதுக்கு ஒரு சட்டம் பேசினீங்களாமே."

"சட்டத்த நானா எழுதினேன்?"

"உங்க பக்கத்து ஆளு யாராவது கேட்டிருந்தா சட்டம் தூங்கியிருக்கும்."

அவருக்கும் யோசித்துப் பார்த்தால் தவறாகத் தெரியவில்லை. கட்டத்துக்கு வெளியே வாரிப் போட்டது கணக்கில் சேராதது. கிடந்து மக்கப் போகிறது. மறுநாள் காலை மைத்துனனிடம், "வாரி வெளியே போட்டிருக்கேனே, அந்தக் குவியலை மட்டும் எடுத்துக்கோ. நான் பாக்கல" என்றார். அவன் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியோடு பள்ளத்தில் இறங்கியதை அவர் பார்க்கவில்லை. அதாவது, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

குவியலை மட்டும் என்று சொன்னாரே தவிர, கட்டம் எதற்கு, முளை எதற்கு, திரும்ப வந்து எதை எண்ணுவார் என்பதை அவனுக்கு அவர் விளக்கவில்லை. இவ்வளவு வருடமாக ஊரே கேலி பேசுகிற தன் வேலை எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார். கேலி பேசியவர்களில் ஒருவருக்குக்கூட அது தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

எண்ணும் நாள் வந்தது. கூட வந்தவர் புதிதாக மாற்றலாகி வந்திருந்த வனக்காவலர். நெட்டையாக, மெலிந்து இருப்பார் என்பதால் ஆபீஸில் அவருக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். பள்ளத்தில் முதல் கட்டத்துக்குக் கயிறு கட்டியதும் ஒட்டடைக்குச்சி இடுப்பில் கைவைத்து நின்றார்.

"என்னண்ணே இது? விருந்தாளி வராங்கன்னு கூட்டிப் பெருக்கின மாதிரி இருக்கு."

உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்த கட்டத்திலும் இல்லை. ஊற்றை ஒட்டிய கட்டத்தில், எந்தக் கோடையிலும் கால் வைக்க இடமில்லாமல் லத்தி கிடக்குமே, அதிலும் இல்லை. கணக்கர் குனிந்து பார்த்தார். ஈரமண்ணில் மண்வெட்டியின் விளிம்பு பதிந்த நேர்கோடுகள். முளையின் ஓரமாக ஒற்றைச் சக்கரத்தின் தடம்.

ஒட்டடைக்குச்சி கயிற்றைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். கணக்கர் ஒரு எட்டு வைத்து அந்தத் தடத்தின் மேல் பூட்ஸை அழுத்தித் தேய்த்தார். யோசித்துச் செய்ததாக அவருக்கு நினைவில்லை. கால் செய்தது. ஆனால் அடுத்த கட்டத்தில் தடத்தைத் தேடிப் போய்த் தேய்த்தபோது பழியைக் காலின் மேல் போட முடியவில்லை.

திரும்பும் வழியில் நேரே மைத்துனன் நிலத்துக்குப் போனார். கத்திரி கருகருவென்று தழைத்திருந்தது.

"மாப்ளே, கட்டத்துக்குள்ள கை வச்சியா?"

"வச்சேனாவா? தெனமும் போய்ச் சுத்தம் பண்ணினேன் மச்சான்!" அவன் முகமெல்லாம் பல். "கட்டம் சுத்தமா இருக்கணும், அதான் முக்கியம்னு சொன்னீங்களே. நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க, யானை ராவோட ராவா வந்து அசிங்கம் பண்ணிட்டுப் போகுது. உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு மொதல்ல கட்டத்த வழிச்சுட்டுத்தான் மத்த இடத்துக்கே போவேன். எப்படி? பளிங்கு மாதிரி இருந்துச்சா?"

கணக்கர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். இவனை எதற்காகத் திட்டுவது? சொன்னதைச் செய்திருக்கிறான். சொல்லாததைச் சொல்லாமல் விட்டவர் அவர்.

அடுத்த நாள் காலை ஆய்வு அறைக்குப் போகும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். அறையில் மேசை முழுவதும் காகிதப் பொட்டலங்களில் சாணி காய்ந்துகொண்டிருந்தது. மேடம் சல்லடையைக் கழுவிக்கொண்டிருந்தார். கணக்கர் கொடுத்த தாள்களைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"பள்ளத்துல எல்லாமே பூஜ்யமா? நல்லாப் பாத்தீங்களா?"

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். மைத்துனன் மேல் வழக்கு, கூடவே தன் வேலை, வீட்டில் மனைவியின் முகம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து முன்னே நின்றன. "பாத்தேன் மேடம். கட்டத்துக்குள்ள ஒண்ணும் இல்ல" என்றார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதை நினைத்து அன்று முழுவதும் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். இவ்வளவு பெரிய காட்டில் ஒரே ஒரு பள்ளம், அடுத்த வருடம் எண்ணும்போது சரியாகிவிடும் என்றும் சொல்லிக்கொண்டார்.

ஆனால் மேடம் விடவில்லை. ஒரு வாரம் கழித்து அவரைக் கூப்பிட்டு ஒரு தட்டை நீட்டினார். தண்ணீரில் கரைத்துச் சலித்த லத்தியிலிருந்து எடுத்த நார்கள்.

"இது மேல்காட்டுல எடுத்த லத்தி. உள்ள இருக்கறது கோரை. மேல்காட்டுல கோரை ஏது? பள்ளத்துல மேஞ்சிட்டு மேலே போயிருக்குமோ?"

"மழைத்தண்ணி தேங்கற இடத்துல அங்கங்க இருக்கும் மேடம்."

மேல்காட்டில் அப்படி ஒரு இடமும் இல்லை. இது வார்த்தைக்கு வார்த்தை பொய். மேடம் அவர் முகத்தைப் பார்த்தார். "நீங்க சொன்னாச் சரிதான். உங்களுக்குத் தெரியாத இடமா" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டார். அந்த நம்பிக்கை, திட்டியிருந்தால்கூட ஏற்பட்டிருக்காத வலியாக உள்ளே போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து டீக்கடைச் சிரிப்பில் அவரால் சேர்ந்துகொள்ள முடியவில்லை.

ரேஞ்சர் ஆபீஸ் சுவரில் புதிய வரைபடம் வந்தது. மிருக நடமாட்டம் அதிகமாக உள்ள பகுதி கரும்பச்சை, குறைந்த பகுதி இளம்பச்சை, இல்லாத பகுதி வெள்ளை. பள்ளம் வெள்ளையாக இருந்தது. அடுத்த வருடம் வயல்களைக் காக்க மின்வேலி போடுவதென்று முடிவானபோது, அந்த வெள்ளையின் மேல்விளிம்பு வழியாகவே கோடு போட்டார்கள். பள்ளம் வேலிக்கு வெளியே, ஊர்ப் பக்கம் வந்தது. ஊற்றும் அதோடு வந்தது.

யானை பள்ளத்துக்கு வருவது ஊருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வேலி வேண்டாம் என்று எவன் சொல்வான்? "மேடம் அறிக்கையிலேயே இருக்கே, பள்ளத்துக்கு எதுவும் வர்றதில்லைன்னு" என்று ரேஞ்சர் சொன்னபோது கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பலமாக ஆட்டியவன் மைத்துனன். பின்வரிசையில் நின்ற கணக்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடையின் நடுவில் வேலி கிட்டத்தட்ட முடிந்து, கம்பியில் மின்சாரமும் விட்டாகிவிட்டது. கம்பி கொண்டுபோகும் டிராக்டருக்காக விட்டிருந்த ஒரு வாய் மட்டும்தான் பாக்கி. வேலையாட்கள் பகல் முழுதும் அங்கே இருந்ததாலும், மாலையில் அதன் குறுக்கே தற்காலிகமாகக் கம்பி இழுத்துக் கட்டிவிட்டுப் போனதாலும் மிருகம் எதுவும் அதில் நுழைய வழியில்லை. இரண்டொரு நாளில் அதையும் அடைத்துவிட்டால் மேலதிகாரி வந்து வேலியைத் திறந்துவைப்பார். கம்பியின் மேல் சாய்ந்திருக்கும் கிளைகளைக் குறித்துவரச் சொல்லிக் கணக்கரை அனுப்பினார்கள். காட்டுப் பக்கமாக வேலியை ஒட்டி நடந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் கால் நின்றுவிட்டது.

வேலியின் ஓரமாக, காட்டுப் பக்கத்தில், லத்தி வரிசையாகக் கிடந்தது. யானை நடந்துகொண்டே போடும்போது இப்படிக் கிடக்காது. ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால்தான் இப்படிக் குவியும். நின்றிருக்கின்றன. கொஞ்சம் நகர்ந்து வழி பார்த்திருக்கின்றன. மறுபடி நின்றிருக்கின்றன. மண் பொடிபொடியாக மிதிபட்டுப் போவதும் வருவதுமாக ஒரு தடம் வேலி நெடுகிலும் ஓடியது. அதில் காட்டுமாட்டுக் குளம்பும் கடமான் குளம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கம்பிக்கு அந்தப் பக்கம், கீழே, கோரை பச்சையாக அசைந்துகொண்டிருந்தது. ஊற்றின் வாடை அவருக்கே வந்தது. யானைக்கு வராதா?

ஒரு லத்தியை எடுத்து உடைத்தார். கல் மாதிரி இருந்தது. தண்ணீர் கிடைக்காத மிருகத்தின் லத்தி இப்படித்தான் சிறுத்து இறுகியிருக்கும். பக்கத்தில் ஆரஞ்சுப் பழ அளவில் சின்ன உருண்டைகள் கிடந்தன. குட்டி. அது தாயின் கால்களுக்கு நடுவே நின்ற இடம்கூட மண்ணில் தெரிந்தது. வேறு யார் பார்த்தாலும் அங்கே கிடந்தது அசிங்கம்தான். அவருக்கு மட்டும் அது தன் மேல் எழுதிய புகாராக, ஒவ்வொரு எழுத்தும் படிக்கும்படியாக இருந்தது.

கொஞ்சம் தள்ளி ஒரு காட்டுமாட்டுக் கன்று செத்துக் கிடந்தது. கம்பியில் பட்டதா, தண்ணீர் இல்லாமலா, அல்லது ஏதாவது நோயா என்று அவரால் சொல்ல முடியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல அவர் இனிமேல் தயாராக இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மதியம் வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்தார்.

"என்னங்க, சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க? உப்பு கூடிப்போச்சா?"

சொன்னார். தள்ளுவண்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும், தடத்தைத் தேய்த்தது உட்பட. மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"இத்தனை நாள் கழிச்சு இப்ப போய்ச் சொல்லப்போறீங்களா? என் தம்பி கதி? வேலி வந்தப்புறந்தான் அவன் கண்ணயர்ந்து தூங்கறான். உங்க வேலை? யானைக்குப் பாவம் பாத்து நாம தெருவுல நிக்கணுமா?"

"நானும் இதையேதான் சொல்லிப் பாத்துக்கிட்டேன், போன வருஷமெல்லாம்."

அவள் குழம்பைக் கிளறுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் கிளறினாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"குட்டியும் இருக்கா அதுல?"

"இருக்கு."

கரண்டி நின்றது. "அன்னைக்கு நான்தான் குடுக்கச் சொல்லி நச்சரிச்சேன்" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு, "போய்ச் சொல்லிட்டு வாங்க. ஆனா தம்பிகிட்ட மொதல்ல நீங்க சொல்லணும். யாரோ சொல்லி அவனுக்குத் தெரியக் கூடாது" என்றாள்.

மைத்துனன் செடிகளுக்கு நடுவே நின்று, கேட்டு முடிக்கும்வரை வாயைத் திறந்தபடி இருந்தான்.

"சாணி அள்ளினதுக்கு யானை சாகுமா மச்சான்? கதையா இருக்கே."

"சாணி இல்லாததால யானை இல்லைன்னு ஆயிடுச்சுடா. யானை இல்லைன்னு வேலி வந்துடுச்சு."

"அப்ப வேலியப் பிரிச்சுட்டா என் கத்திரிக்காய் அதுங்களுக்கா? உங்களுக்கு யானை உறவா, நான் உறவா?"

"தப்பு உன்னுது இல்ல மாப்ளே. நீ தெரியாம அள்ளினே. நான் தெரிஞ்சே மறைச்சேன்."

"அப்ப என் பேரை விட்டுட்டுச் சொல்லுங்க."

"யாரு அள்ளினதுன்னு கேப்பாங்களே."

"யானையே திரும்பி வந்து எடுத்துட்டுப் போச்சுன்னு சொல்லுங்க!"

சொன்ன பிறகு அவனுக்கே சிரிப்பு வந்து, உடனே முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. மண்வெட்டியை நிலத்தில் ஊன்றிவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். "என்னவோ பண்ணுங்க. இனிமே என் வீட்டு வாசப்படிய மிதிக்காதீங்க."

மேடம் பொட்டலங்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். கணக்கர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். மைத்துனன் அள்ளியதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு கணம் ஆசை வந்தது. அதையும் மீறிக் கோரையைப் பற்றிச் சொன்ன பொய்யையும் சொன்னார்.

மின்விசிறி சுற்றியது. ஒரு சீட்டு பறந்து தரையில் விழுந்தது. இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை.

"எத்தனை கட்டம்?"

"பள்ளத்துல இருந்த எல்லாம் மேடம்."

"நான் தட்டை நீட்டிக் கேட்டப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்."

"எனக்கு அன்னைக்கே சந்தேகம். இன்னொரு தடவை நானே பள்ளத்துல இறங்கிப் பாத்திருக்கணும். நீங்க சொன்னீங்கன்னு விட்டுட்டேன்." அவர் குரல் உயரவில்லை. "வேற யார் சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்."

கணக்கருக்கு "மன்னிச்சிடுங்க" என்ற சொல் வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் மேடம் பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்குமே, அந்தச் சிரமத்தையும் கொடுப்பானேன் என்று விழுங்கிக்கொண்டார். மேடம் தொலைபேசியை எடுத்தார். முதலில் தன் பெயரில் வந்த அறிக்கையில் பிழை இருக்கிறது என்றார். பிறகுதான் மற்றதைச் சொன்னார்.

ரேஞ்சர் குதித்தார். திறந்துவைக்க நாள் குறித்தாகிவிட்டது, இப்போது சாணிக்காக வேலிக்குப் போட்ட கோட்டை மாற்றுவதா என்றார். மேடம் அவரையும் மேலதிகாரியையும் வேலியோரம் நடத்திக் கூட்டிக்கொண்டு போய் அந்த வரிசையைக் காட்டிய பிறகு சத்தம் அடங்கியது. போட்ட வேலியைப் பிடுங்க முடியாது என்றார்கள். ஆனால் டிராக்டருக்கு விட்ட வாயை அகலப்படுத்தி, ஊற்றுவரை மிருகங்களுக்கு வழி விட்டு, வயல்களுக்குத் தனியாக ஒரு சுற்று வேலி போடுவதென்று முடிவாகி, அந்த வாரத்திலேயே வேலையும் நடந்தது. மைத்துனனிடம் எழுதி வாங்கிக்கொண்டு எச்சரித்து விட்டார்கள். தள்ளுவண்டி மட்டும் சாட்சிப் பொருளாக ரேஞ்சர் ஆபீஸ் முற்றத்துக்குப் போனது. கணக்கரை எண்ணும் வேலையிலிருந்து எடுத்து, திறந்த வாயைக் காவல் காக்கும் வேலையில் போட்டார்கள். ஒட்டடைக்குச்சியின் கைக்குக் கயிறும் முளையும் போயின. "கொஞ்ச நாளைக்குத்தாண்ணே" என்றார் ஒட்டடைக்குச்சி. "தெரியாததைச் சொல்லாதீங்க" என்றார் கணக்கர்.

வழி திறந்தாயிற்று. ஆனால் யானைக்கு அதை யார் சொல்வது? கம்பியில் ஒருமுறை துதிக்கையைச் சுட்டுக்கொண்ட யானை, கம்பி இல்லாத இடத்தையும் நம்பாது. கடமான் முதலில் வந்தது. காட்டுமாடுகள் தயங்கித் தயங்கி வந்தன. யானைக்கூட்டம் வாயின் அருகே வரை வந்து நின்றது, திரும்பிப் போனது. காலையில் கணக்கர் அந்த லத்தியைப் பார்ப்பார். எப்போதும் காட்டுப் பக்கம். எப்போதும் இறுகி. அதை எண்ணச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஊற்றின் பக்கம் ஒரு கட்டம் அடித்து வைத்திருந்தார். யானை லத்தியைப் பொறுத்தவரை அது சுத்தமாகவே இருந்தது. சுத்தமான கட்டத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் பூட்ஸுக்கு அடியில் அந்தச் சக்கரத் தடம் உறுத்தியது.

ஒரு காலை, வேலிக்குப் போகப் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். தெருமுனையிலிருந்து மைத்துனன் மூச்சிரைக்க ஓடிவந்தான். அத்தனை நாளும் எதிரில் பார்த்தால் தெருவைக் கடந்து போய்விடுகிறவன்.

"மச்சான்! உங்க சாமான் வந்திருக்கு!"

"என்ன சாமான்?"

"என்னன்னா? லத்திதான்! ஊத்துப் பக்கம், கட்டத்துக்குள்ள. சத்தியமா நான் தொடல. காத்துல பறந்துடப் போகுதேன்னு சுத்திக் குச்சி நட்டுட்டு வந்தேன்."

"லத்தி எப்படிடா காத்துல பறக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? போன தடவை விவரம் தெரியாமச் செஞ்சுதானே இவ்வளவும்."

உள்ளிருந்து அவன் அக்காள் எட்டிப் பார்த்தாள். யாரும் அவனை உள்ளே வா என்று சொல்லவில்லை. அவனும் வாசப்படி பேச்சை எடுக்கவில்லை. இருவரும் பள்ளத்துக்கு நடந்தார்கள்.

கட்டத்துக்குள் லத்தி கிடந்தது. சுற்றிலும் மைத்துனன் கத்திரிச் செடிக்கு ஊன்றும் குச்சிகளை நட்டு, கந்தல் துணியால் ஒரு வேலியே கட்டியிருந்தான். கணக்கர் முட்டி போட்டு உட்கார்ந்தார். உருண்டையின் குறுக்களவை எடுத்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். பக்கத்தில் ஈரமண்ணில் பதிந்திருந்த காலடியையும் அளந்தார். எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டார்.

"என்ன மச்சான், வந்துடுச்சா கூட்டம்?"

"இல்ல மாப்ளே. ஒத்தை ஆண். பெருசு. இதுங்க எங்க வேணாலும் போகும். தாயும் குட்டியும் வரல."

மைத்துனனுக்கு முகம் விழுந்துவிட்டது. "ஒண்ணு வந்தா மத்ததும் வரும்தானே? வரும்னு சொல்லுங்களேன். அக்காகிட்டயும் போய்ச் சொல்லிடலாம்."

மேலே வேலிப் பக்கம் காற்று திரும்பி, காய்ந்த புல் வாடையும் யானை வாடையும் சேர்ந்து வந்தன. அவை அங்கேதான் எங்கோ நின்றுகொண்டிருந்தன. கணக்கர் அந்தத் திசையைப் பார்த்தார்.

"வந்தா சொல்றேன்" என்றார்.

பிறகு இருவருமாகக் குனிந்து, எடுத்து அளந்த உருண்டையை, கிடந்த இடத்திலேயே, கிடந்தபடியே திரும்ப வைத்தார்கள்.